கங்காணி வீட்டுப் பாராமுகம்

விசாரணை என்றால் செல்லையா சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவார். வீட்டுக்குள்ளேதானே, பனியன் போதாதா என்று மனைவி சாரதா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் காட்டில் ஆள் நடத்தியவர் அவர். கம்பெனி கொடுத்த பெயர் மண்டோர் என்றாலும், தாத்தாவும் அப்பாவும் கங்காணிகளாக இருந்த குடும்பம் என்பதால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லைனில் இன்றைக்கும் அது ‘கங்காணி வீடு’. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும், குற்றம் நடந்தால் விசாரிக்காமல் விடுகிற பழக்கம் அவருக்கு வரவில்லை.

அன்றைய குற்றம் ஹாலின் நடுவில், டிவிக்கும் அவருடைய பிரம்பு நாற்காலிக்கும் இடையே, உள்ளங்கை அகலத்துக்குப் பளபளத்துக் கிடந்தது. குற்றவாளி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

“எத்தன மணிக்கு நடந்துச்சு?”

“ஏழு பத்து இருக்கும் மாமா,” என்றாள் மருமகள் குமுதா.

“பாத்தது யாரு?”

“நான்தான்,” என்றாள் சாரதா. “நீங்களுந்தான் பாத்தீங்க. உங்க கண்ணப் பாத்துக்கிட்டேதான் அது விட்டுச்சு.”

“கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு.”

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்திருந்த மகன் வசந்தன், சாப்பிடவும் முடியாமல் குளிக்கவும் முடியாமல் கதவோரம் நின்றான். விசாரணை முடியும்வரை யாரும் நகரக் கூடாது என்பது சட்டம்.

செல்லையா முன்னால் குனிந்தார். “ஜாகோங்.”

நாய்க்குட்டியின் காதுகள் நிமிர்ந்தன. இந்தக் குடும்பம் எப்படிப்பட்டது, இந்த ஹாலில் யார் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், வெள்ளைக்காரத் துரையே ஒரு தீபாவளிக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது எந்த வருஷம் என்பதையெல்லாம் செல்லையா அதற்கு விளக்கமாகச் சொன்னார். ஜாகோங் தலையை ஒருமுறை இடப்பக்கம் சாய்த்தது, ஒருமுறை வலப்பக்கம் சாய்த்தது. அவ்வளவு கவனமாகக் கேட்கிற ஆளை அவர் காலையில் பேர் கூப்பிடும் எந்தப் பெரட்டிலும் பார்த்ததில்லை. கடைசியில் தண்டனை: கொல்லைப் பக்கம் கொண்டுபோய்க் கட்டுவது. கட்டிவிட்டு அவர் உள்ளே வந்த ஐந்தாவது நிமிஷம், பாவம் பிள்ளை என்று சாரதா இரண்டு பிஸ்கட்டோடு பின்வாசலுக்குப் போனாள்.

ஜாகோங் வந்தது கியா பார்ம் சந்தையிலிருந்து. பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கும் குமுதா, சோளம் அவித்து விற்கும் கடையில் அதைப் பார்த்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். மலாயில் ஜாகோங் என்றால் சோளம்; நிறமும் சோளநிறம், அதனால் பெயரும் அதுவே. கெட்டிக்காரக் குட்டி. இரண்டே வாரத்தில் பின்கதவைப் பிராண்டிக் காட்டவும், சௌசௌ பந்தலுக்கு அடியில் போய் வேலையை முடித்துக்கொண்டு வரவும் படித்துவிட்டது. அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு தடவையும் மொத்த வீடும் பந்தலடியில் நின்று கைதட்டியது. படித்து முடித்த பிறகு யார் போய் நிற்கப்போகிறார்கள்? கதவைத் திறந்து வைத்தார்கள். அது தனியாகப் போய்த் தனியாக வந்தது. வசந்தனுக்கு வேலை, குமுதாவுக்குக் கைப்பேசி, சாரதாவுக்கு நாடகம், செல்லையாவுக்குப் பேப்பர். ஒரு மாதம் இப்படிப் போனது. அப்புறம்தான் ஹாலில் ஆரம்பித்தது.

வாரம் ஒருநாள் ஈப்போவிலிருந்து தானா ராத்தாவுக்கு வந்து போகும் மிருக டாக்டர் புவனேஸிடம் கொண்டுபோனார்கள். வயதில் சின்னப் பெண். சிறுநீரைச் சோதித்துப் பார்த்து, நோய் ஒன்றும் இல்லை என்றாள்.

“வீட்டுல ஆள் இல்லாதப்போ செய்யுதா?”

“இல்ல,” என்றாள் குமுதா.

“ராத்திரியில?”

“இல்ல.”

“செஞ்சா நீங்க என்ன செய்வீங்க?”

குமுதா மாமனாரைப் பார்த்தாள். செல்லையா சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தார். “விசாரணை நடக்கும் டாக்டர்,” என்று குமுதா ஆரம்பித்து, சட்டை, சாட்சி, தண்டனை, பிஸ்கட் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். புவனேஸ் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

“ஐயா, ஒரு நாளைக்கு நீங்க இதுகூட எவ்வளவு நேரம் பேசுவீங்க?”

“நாய்கூட என்ன பேச்சு?”

“விசாரணை அன்னைக்கு?”

“அது பதினஞ்சு நிமிஷம் ஆகும். முறையா நடத்தணும்ல.”

“அதுக்காகத்தான் லா செய்யுது. வெளிய போனா ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. ஹால்ல விட்டா நாலு பேர் சுத்தி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடறீங்க, கதை சொல்றீங்க, கடைசில பிஸ்கட் வேற. நானா இருந்தாலும் ஹால்லதான் விடுவேன்.”

செல்லையாவுக்கு முகம் கறுத்தது. அவர் நடத்திய விசாரணையைக் கொண்டாட்டம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

டாக்டர் வழி சொன்னாள். இனி ஹாலில் விட்டால் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, திட்டக் கூடாது, சிரிக்கவும் கூடாது. எழுந்து முதுகைக் காட்டி நின்றுவிட வேண்டும். அது அந்த இடத்தை விட்டுப் போன பிறகு, வாசனை மிஞ்சாமல் வினிகர் விட்டுத் துடைக்க வேண்டும். வெளியே போனால் அந்த நொடியே வாயாரப் பாராட்ட வேண்டும். சும்மா இருக்கும்போது நாமாகக் கூப்பிட்டு விளையாட வேண்டும்.

“மொதல்ல சில நாள் இன்னும் அதிகமா செய்யும் ஐயா. பழைய வித்தை ஏன் பலிக்கலன்னு அழுத்திப் பாக்கும். அப்போ ஒரு தடவ கத்திட்டீங்கன்னா போச்சு, மறுபடி முதல்லேர்ந்து.”

“எத்தன நாள்?”

“ரெண்டு வாரம் வைங்க.”

செல்லையா மனசுக்குள் நாட்களை எண்ணினார். பன்னிரண்டாம் நாள் செம்பு பார்க்க வருகிறார்கள்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலின் கரகச் செம்பு, திருவிழா முடிந்தால் அடுத்த திருவிழா வரை ஒரு குடும்பத்தின் சாமி அறையில் இருக்கும். தாத்தா காலத்திலிருந்து அது கங்காணி வீட்டில்தான் இருக்கிறது. காப்புக் கட்டுவதற்கு முந்திய சனிக்கிழமை கோயில் கமிட்டி வீட்டுக்கு வரும். செம்பை இறக்கி அரிசித் தட்டில் வைத்துச் சூடம் காட்டி, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த வருஷத்துக்கும் அதே வீடுதானா என்று தலைவர் வாயால் சொல்வார். செம்பு கீழே இருக்கும்வரை அந்த வீட்டில் யாரும் குரல் உயர்த்தக் கூடாது. அது அம்மன் இறங்கி உட்கார்ந்திருக்கும் நேரம்.

தலைவர் எந்த வருஷமும் மாற்றிச் சொன்னதில்லை. ஆனால் இந்த வருஷம் செம்பைத் தன் வீட்டுக்குத் தரும்படி முருகையா வாய் திறந்து கேட்டுவிட்டான். தோட்டத்தை விட்டுப் போய் கியா பார்மில் ஸ்ட்ராபெரி போட்டுப் பெரிய வீடு கட்டிய ஆள்; இப்போது கமிட்டியிலும் இருக்கிறான். “லைன் வீட்டுல எடம் எங்க இருக்கு? எங்க வீட்டுல சாமி ரூமுக்கே தனி மாடி,” என்று கூட்டத்தில் சொன்னானாம். ஹாலின் நடுவில் ஒரு பளபளப்பு, அதுவும் அவன் கண்ணில் பட்டால், மூன்று தலைமுறை மானம் ஈரத்துணியோடு போய்விடும்.

அன்றைக்கே விசாரணை நிறுத்தப்பட்டது.

பாராமுகம் செல்லையாவுக்கு ஒன்றும் புதிதில்லை. முதுகு அவருக்கு இயல்பாகவே மரப்பலகை. ஜாகோங் வந்து அவர் எதிரில் குந்தினால் எழுந்து, திரும்பி, சுவர்க் காலண்டரைப் பார்த்து நின்றார். மற்ற மூவரும் அப்படியே. ஜாகோங் முதலில் திகைத்தது. சுற்றி வந்து முன்பக்கம் பார்த்தது; அவர்கள் மறுபக்கம் திரும்பினார்கள். டாக்டர் சொன்னபடியே அதிகமானது. காலையில் பேப்பர் மேல் விட்டது. மத்தியானம் வசந்தனின் பூட்சுக்குள் விட்டது. நாலாம் நாள் செல்லையாவின் கால் கட்டைவிரலை ஒட்டியே விட்டது. அவருக்கு வெதுவெதுப்பு தெரிந்தது. காலண்டரில் அந்த மாதத்துக் கிருத்திகை, அமாவாசை, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் வரிசையாகப் படித்து முடித்தார்.

அவருக்குக் கஷ்டமாக இருந்தது பாராட்டுதான். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு ஆளையும் அவர் பாராட்டியதில்லை. கொழுந்து நன்றாக எடுத்தவர்களைத் திட்டாமல் விட்டார், அவ்வளவே. ஆனால் அந்தக் குட்டி குறி வைப்பது மாமாவைத்தான், அதனால் மாமாவே சொன்னால்தான் எடுபடும் என்று குமுதா சாதித்துவிட்டாள். முதல் தடவை ஜாகோங் சௌசௌ பந்தலடியில் போனபோது அவர் பின்கட்டி நின்ற கையை எடுக்காமல், “சரி,” என்றார்.

“அது பத்தாது மாமா.”

“பரவால்ல.”

“மாமா.”

செல்லையா இரண்டு பக்கமும் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பவளம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமினார். “கெட்டிக்காரன்,” என்றார். ஜாகோங் அவர் முழங்கால் மேல் பாய்ந்து கையை நக்கியது.

“யார அண்ணே சொல்றீங்க?” என்றாள் பவளம்.

“உன்ன இல்ல.”

ஏழாம் நாளுக்குள் “கெட்டிக்காரன்” என்பது “எஞ் சிங்கம்” வரை வளர்ந்திருந்தது. மாலையில் பழைய சாக்ஸ் ஒன்றை வைத்து இழுத்து விளையாடவும் செய்தார், கதவைச் சாத்திக்கொண்டு. சாரதாவுக்கு இது தாங்கவில்லை. “நாப்பத்திரண்டு வருஷம் இந்தக் குசினியில வெந்தேன். நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வந்ததில்ல. நானும் போய் அந்தப் பந்தலுக்கு அடியில நிக்கணும் போல.”

“டாக்டர் சொன்னதச் செய்யறேன்.”

“அந்த டாக்டர் நம்பர எனக்கும் வாங்கிக் குடுங்க.”

ஒன்பது, பத்து, பதினொன்று. மூன்று நாளும் ஹால் காய்ந்தே இருந்தது. செல்லையாவுக்கு நம்பிக்கை வந்தது. இருந்தாலும் சனிக்கிழமை ஒன்பதரைக்கு வசந்தன் ஜாகோங்கைப் பவளம் வீட்டில் கொண்டுபோய் விடுவது, கமிட்டி பத்து மணிக்கு வந்து போவது என்று திட்டம் போட்டு வைத்தார்.

பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை. மலையைச் சுற்றிப் பார்க்கக் கீழே இருந்து வரும் காரெல்லாம் பிரிஞ்சாங்கில் தேங்கிவிடும் என்று பயந்து கமிட்டி சீக்கிரமாகக் கிளம்பி எட்டு மணிக்கே வாசலில் நின்றது. பூவும் வெற்றிலையும் வாங்கப் போன வசந்தன் அதே ஜாமில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தான். பவளம் வீடு பூட்டிக் கிடந்தது.

“அறையில போட்டு அடைச்சிரலாமா?” என்று குமுதா குசினியில் கிசுகிசுத்தாள்.

“ஊளை விடும்,” என்றார் செல்லையா. செம்பு இறங்கிய வீட்டில் நாய் ஊளை கேட்டால் அதைவிட வேறு வினையே வேண்டாம். “வெளிய கட்டினாலும் அதேதான். விடு. அம்மா பாத்துக்குவா.”

தலைவர் காளிமுத்து, கூட இரண்டு பெரியவர்கள், அப்புறம் முருகையா. கஞ்சி போட்ட வேட்டி, நெற்றி நிறைய விபூதி. உள்ளே வரும்போதே அவன் கண் தரையைத் தடவிக்கொண்டு வந்தது. “சின்ன வீடா இருந்தாலும் கூட்டி வச்சிருக்கீங்க அண்ணே,” என்றான்.

“இது எப்பவும் கூட்டியிருக்கற வீடு,” என்றார் செல்லையா.

பாயில் உட்கார்ந்தார்கள். செல்லையா செம்பை இறக்கிச் சாமி அறை வாசலில் அரிசித் தட்டில் வைத்தார். சாரதா சூடம் ஏற்றினாள். வீடு அமைதியானது. அப்போதுதான் ஜாகோங் குசினியிலிருந்து வந்தது.

அதன் வாழ்நாளில் அந்த ஹாலில் அத்தனை பேரை அது பார்த்ததில்லை. அத்தனை பேரும் ஒரு செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. இது என்ன நியாயம் என்பது போல அது ஒரு கணம் நின்றது. பிறகு நேராக நடந்து பாயின் ஓரத்துக்கு, முருகையாவின் முதுகுப் பக்கம், வந்தது. செல்லையாவின் கண்ணைப் பார்த்தது. மெதுவாகக் குந்தியது.

செல்லையாவின் நாக்கு நுனிவரை ஒரு அதட்டல் வந்தது. அதட்டினால் குரல் உயரும், பன்னிரண்டு நாள் பாடும் போகும். அதட்டாவிட்டால் மானம் போகும். உடம்பு அதற்குள் தானே முடிவெடுத்துவிட்டது. எழுந்தார், முதுகைத் திருப்பினார், சாமி அறையைப் பார்த்து விறைப்பாக நின்றார். சாரதாவும் குமுதாவும் அதே நொடியில் திரும்பினார்கள். மூவரும் ஒரே கயிற்றில் கட்டியது போல எழுந்து நின்றதைப் பார்த்த காளிமுத்து, இது கங்காணி வீட்டு வழிபாட்டு முறை போலிருக்கிறது என்று நினைத்து, அவரும் எழுந்து கைகூப்பிச் சாமிப் பக்கம் திரும்பினார். பெரியவர்கள் இருவரும் தலைவரைப் பார்த்து எழுந்தார்கள்.

எழாமல் இருந்தது முருகையா ஒருவன்தான். அவனும் அதிக நேரம் உட்கார்ந்திருக்கவில்லை. வேட்டியின் பின்பக்கம் ஈரம் ஏறியது.

“ஏய் நாயி! சீ! சனியனே!”

துள்ளி எழுந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தான். ஜாகோங்கின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு நாளாக ஹாலில் விட்டபோதெல்லாம் முதுகுகளைத் தவிர வேறெதையும் பார்க்காத குட்டிக்கு, கடைசியாக ஒரு மனுஷன் கிடைத்திருக்கிறான். கையை ஆட்டுகிறான், காலை உதறுகிறான், வாய் நிறையக் கூப்பிடுகிறான். அது முன்னங்காலை நீட்டிக் குனிந்து, எழுந்து, அவனைச் சுற்றி இரண்டு வட்டம் ஓடியது. பிறகு நன்றி மறக்காமல் அவன் பாதத்தின் மேலேயே இன்னொரு தடவை குந்தியது.

“அண்ணே, உங்க நாயப் பாருங்க அண்ணே!”

“பாக்க மாட்டேன்,” என்றார் செல்லையா, திரும்பாமல், தாழ்ந்த குரலில்.

“ஏன்?”

“பாத்தா மறுபடி செய்யும். நீயும் கத்தாத முருகையா. நீ கத்தக் கத்த உனக்காகத்தான் செய்யுது.”

“எனக்காகவா? எனக்கு எதுக்குய்யா இது?” என்று முருகையா இன்னும் ஒரு சுருதி ஏறினான்.

ஒரே ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் ஜாகோங் அவனை விட்டுவிட்டு இவரிடம் ஓடி வந்திருக்கும். அது செல்லையாவுக்கு நன்றாகத் தெரியும். “கூப்பிடுங்களேன்,” என்று சாரதா உதடு அசையாமல் சொன்னாள். செல்லையா யோசித்துப் பார்த்தார். டாக்டர் சொன்ன விதியை அந்த நிமிஷத்தைப் போலக் கண்டிப்பாக அவர் என்றைக்கும் கடைப்பிடித்ததில்லை. கற்பூர ஜோதியைப் பார்த்தபடி நின்றார்.

முருகையா கால் உதறி வாசலுக்கு ஓட, அந்த ஓட்டமும் விளையாட்டு என்று நினைத்துக் குட்டி கூடவே ஓட, ஒருவழியாக வாசற்படியில் குமுதா போய்ப் பேசாமல் அதைத் தூக்கிக் குசினிக்குக் கொண்டுபோனாள். சூடம் அணைந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

“பாத்தீங்கள்ல தலைவரே,” என்றான் முருகையா வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு. “சாமி செம்பு இருக்கற வீட்டுல நாய் அசிங்கம் பண்ணுது. இதான் சுத்தமா?”

காளிமுத்து செல்லையாவைப் பார்த்தார். பெரியவர்களும் பார்த்தார்கள். மழுப்பிவிடலாம், வெளிநாய் என்று சொல்லலாம், யாருடையதோ என்று சொல்லலாம். செல்லையா நிமிர்ந்தார்.

“எங்க வீட்டு நாய்தான். எங்க குத்தந்தான். நாங்க திரும்பிப் பாக்கலன்னு ரெண்டு மாசமா இந்த ஹால்ல விட்டுக்கிட்டு இருந்துச்சு. பன்னிரண்டு நாளா திருத்திக்கிட்டு வரோம். இன்னைக்கு ஆள் அதிகம், அதான் பழசு ஞாபகம் வந்துருச்சு. செம்ப வேற வீட்டுக்கு மாத்தணும்னா மாத்துங்க. மறைச்சு வச்சுக்க மாட்டேன்.”



காளிமுத்து செம்பைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு முருகையாவிடம் திரும்பினார். “குட்டி நாய் தண்ணி விட்டா மஞ்சத் தண்ணி தெளிச்சாப் போச்சு. அம்மன் இறங்கி உக்காந்திருக்கறப்போ நீ போட்ட சத்தத்துக்கு எந்தத் தண்ணிய தெளிக்கறது?”

“தலைவரே, அது என் மேல வந்து—”

“இந்த வீட்டு ஆளுங்க மூணு பேரும் அசையாம நின்னாங்க. உன் சத்தம் லைன் கோடி வரைக்கும் கேட்டுச்சு. சனியன்னு வேற சொன்ன, அதுவும் சனிக்கெழம.” பெரியவர்கள் இருவரும் தலையாட்டினார்கள். “அடுத்த வருஷமும் செம்பு கங்காணி வீட்டுலதான். கழுவிட்டு மஞ்சத் தண்ணி தெளிச்சிருங்கம்மா. நாங்க வரோம்.”

முருகையா ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகக் காருக்குப் போனான். சீட்டில் உட்காருவதற்கு முன்னால் பிளாஸ்டிக் பை விரித்ததை சாரதா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

செல்லையா செம்பை எடுத்துச் சாமி அறையில் வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குமுதா ஹாலைத் துடைத்து முடித்த பிறகுதான் குசினிக் கதவைத் திறந்தாள். ஜாகோங் வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, இன்றைக்காவது தீர்ப்பு கிடைக்குமா என்று அண்ணாந்து பார்த்தது. செல்லையா காலண்டரைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்திருந்தன.

“மாமா, சிரிக்கக் கூடாது,” என்றாள் குமுதா. “டாக்டர் சொன்னாங்கல்ல. சிரிச்சா நல்லா செஞ்சோம்னு நெனச்சுக்கும்.”

“தெரியும்,” என்றார் செல்லையா பல்லைக் கடித்துக்கொண்டு.

எழுந்தார். முதுகு வளையாமல், கை வீசாமல், பெரட்டுக்குப் போகிற நடையில் ஹாலைக் கடந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தையும் மீறி அந்தச் சிரிப்பு ஹாலுக்குக் கேட்டது. சாரதாவும் குமுதாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.